ஒரு வாரத்து வேலி

மகேந்திரராஜா நட்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். மகள் தர்மிகா காரை ஜாக்கியில் ஏற்றி, கோடைச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, குளிர்கால டயர் பூட்டிய சக்கரத்தைத் தூக்கி வைத்தாள். இடம் ஹனோவரில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் பின்முற்றம். 2006 ஒக்டோபர், ஒரு சனிக்கிழமை.

"ஒவ்வொண்டாத் தாங்கோ அப்பா."

"இந்தா. நீ துலைச்சுப்போடாதை."

"உங்கட கையிலதானே எல்லாம் இருக்கு."

"அதாலதான் இன்னும் துலையேல்லை."

எதிரெதிராக இறுக்க வேண்டும், ஒரே சுற்றில் முழுதாக இறுக்கக் கூடாது, கடைசியில் இறுக்கம் காட்டும் ஸ்பனரால் சரிபார்க்க வேண்டும். தர்மிகா வருடம் இரண்டு முறை இதைச் செய்கிறாள். அவர் வருடம் இரண்டு முறை அதை அவளுக்கு விளக்குகிறார்.

"ஐம்பது கிலோமீற்றர் ஓடினாப் பிறகு திரும்ப ஒருக்கா இறுக்கோணும்" என்றார்.

"தெரியும்."

"ஹம்முக்குப் போற வழியில, றோட்டுக்கரையில நிப்பாட்டி இறுக்குவம். வாற சனி."

"வாற சனி கட்டாயம் போறமோ?"

"ரயர் மாத்தியாச்சு. இனி என்ன சாட்டுச் சொல்லுறது?"

சுவரோரம் ஒரு வாளி இருந்தது. அதில் பாதித் தண்ணீர், தண்ணீரில் ஒரு தடி. கைத்தடி மொத்தம், இடுப்பளவு உயரம். நுனியில் மெல்லிய இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துகொண்டிருந்தன. அடியில் வெள்ளை வேர் விட்டிருந்தது. ஹம்முக்குப் போக வேண்டியது அந்தத் தடிதான். அதைக் கொண்டுபோகத்தான் அவர் இருந்தார்.

வேலை முடிந்ததும் அவர் ஸ்பனரைத் துடைத்து, பழைய சாரத் துணித் துண்டொன்றில் சுற்றிக் காரின் பின்பெட்டியில் வைத்தார்.

மகேந்திரராஜாவுக்கு ஒரு அண்ணன். பெயர் யோகேந்திரராஜா. அந்தப் பெயரை அவர் கால் நூற்றாண்டாகச் சொன்னதில்லை. 'அண்ணை' என்றும் சொல்வதில்லை. குறிப்பிட்டே ஆக வேண்டிய நேரங்களில் 'ஐம்பத்தொன்பது பூச்சியம் எழுபத்தொன்று' என்பார். அது ஊன்ட்றொப்பின் அஞ்சல் குறியீடு. அண்ணன் இருந்தது அங்கேதான், ஹம் நகரத்து ஓரத்தில், காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் பக்கத்தில். மகேந்திரராஜா ஹனோவரின் புறநகரில் ஒரு பொதி பிரிக்கும் நிலையத்தில் முதுகின் கீழே நாரி விட்டுப்போகும் வரை வேலை செய்தவர். அங்கே ஊர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஜேர்மனி முழுவதும் அவர் கையால் போய்ச் சேர்ந்தது. அவர்தான் அதிகம் எங்கும் போனதில்லை.

"ஐம்பத்தொன்பது பூச்சியம் எழுபத்தொன்றுக்குச் சீனி கூடிப்போச்சாம்" என்பார் மனைவி கமலநாயகியிடம், சாப்பாட்டு மேசையில். "கோயில்ல ஆரோ சொல்லிச்சினம்."

"உங்கட அண்ணைக்குத்தானே?"

"சொன்னன்தானே."

சண்டை வேலியால் வந்தது. யாழ்ப்பாணத்தில் கட்டுவனில் தகப்பன் காணியை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். நடுவேலி அண்ணனின் பொறுப்பு. வருடா வருடம் அண்ணன் தன் பக்கம் நின்று பழைய கதியால் தடிகளைப் பிடுங்கிப் புதியது ஊன்றி, தென்னோலைக் கிடுகு கட்டினார். வருடா வருடம் வேலி மகேந்திரராஜாவின் பக்கம் கொஞ்சம் வந்தது. ஒருநாள் அவர் கிணற்றடியிலிருந்து வேலிவரை அளந்து, ஒரு சாண் குறைந்திருக்கக் கண்டு, ஒழுங்கையில் நின்று, ஊர் கேட்க, அண்ணனைக் 'கள்ளன்' என்றார். வேலியில் பிள்ளைகள் பூந்து போய்வந்த சின்னத் திறப்பு, 'பொட்டு', அன்று பின்னேரமே அடைக்கப்பட்டது. தர்மிகாவுக்கு அப்போது நாலு வயது. பொட்டு அடைத்தது மட்டும் அவளுக்கு நினைவிருக்கிறது.

வழக்கு மல்லாகம் கோட்டுக்குப் போனது. அது நடந்துகொண்டிருக்கையில் நாட்டில் வேறு பெரிய வழக்கொன்று தொடங்கிவிட்டது. மகேந்திரராஜா கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்து அகதியானார். அடுத்த வருடம் அண்ணனும் அதே விமானப் பாதையில், அதே ரயிலில் வந்தார். ஜேர்மன் அரசாங்கம் ஒருவரை ஒரு மாநிலத்துக்கும் மற்றவரை இன்னொரு மாநிலத்துக்கும் அனுப்பியது. மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது, தாண்டினால் தண்டம் என்று எழுதிக் கொடுத்தது. மற்ற அகதிகள் அந்த விதியை வெறுத்தார்கள். இந்தச் சகோதரர்கள் இருவருக்கும் அது மிகவும் வசதியாக இருந்தது.

தொண்ணூறில் காணி பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. அண்ணனின் பக்கம், தம்பியின் பக்கம், நடுவில் இருந்த அந்த ஒரு சாண் எல்லாவற்றையும் இராணுவம் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. சமாதான காலத்தில் மகேந்திரராஜா ஊருக்குப் போனார். தடைமுள்ளுக்கு இப்பால் நின்று பார்த்தார். "என்ன தெரிஞ்சது?" என்று கமலநாயகி கேட்டாள். "பத்தை" என்றார். ஆனாலும் அண்ணனோடு கதைக்கவில்லை. ஊன்ட்றொப் தேருக்கு இரண்டு பேரும் வருடம் தவறாமல் போனார்கள். அண்ணன் வலக்கை வடம், தம்பி இடக்கை வடம். அம்பாள் நேராகத்தான் வந்தாள்.

இப்படிப்பட்ட மனிதர் 2006 கோடையில் 1793 ஆம் ஆண்டுக்குப் போனது தர்மிகாவால்.

தர்மிகா நில அளவைப் பொறியியலாளர். லூனெபுர்க் புல்வெளிப் பக்கம் அல்ட்டன்றோட என்று ஒரு அருங்காட்சியகக் கிராமம் இருக்கிறது. பல ஊர்களிலிருந்து பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டி வைத்த கிராமம். அதற்குப் புதிய வாகனத் தரிப்பிடம் கட்ட வேண்டியிருந்தது. அளந்து கொடுத்தது தர்மிகாவின் அலுவலகம். நன்றிக்காக அவளுக்கு ஒரு குடும்ப அனுமதி கொடுத்தார்கள்: ஒரு வாரம், 1793 இல், இலவசமாக. மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, மலசலகூடம் முற்றத்துக்கு அப்பால். அந்த நாட்களில் ஜேர்மன்காரருக்கு இந்தப் பைத்தியம் தொலைக்காட்சி வழியாகப் பிடித்திருந்தது. மற்றவர்கள் ஒரு வருடம் முன்பே பதிந்து, பணம் கட்டிக் காத்திருந்தார்கள்.

"கரன்ட் இல்லாத இடத்துக்கு விடுமுறையோ?" என்றாள் கமலநாயகி. "இதுக்கு உவங்கள் காசு குடுக்கிறாங்களோ? விசர்."

"எங்களுக்குச் சும்மா" என்றார் மகேந்திரராஜா. அது முடிவு.

வாசலில் ஃபிறாவ் லோமான் என்ற பெண் நிர்வாகி கைக்கடிகாரங்கள், கைபேசிகளை வாங்கிப் பெட்டியில் பூட்டினார். லினன் உடுப்புக் கொடுத்தார். மகேந்திரராஜாவின் இன்சுலினை மட்டும் 1793 மன்னித்தது. கமலநாயகியின் பையில் ஒரு போத்தல் கறித்தூள் அகப்பட்டது.

"மன்னிக்க வேண்டும். 1793 இல் இந்த ஊரில் மிளகாய் இல்லை" என்றார் லோமான்.

கமலநாயகியின் ஜேர்மன் சந்தையில் படித்தது. இலக்கணம் குறைவு, வேகம் அதிகம். "உருளைக்கிழங்கு இருக்கோ?"

"இருக்கிறது. அது அப்போதே வந்துவிட்டது."

"எங்க இருந்து?"

"அமெரிக்காவிலிருந்து."

"மிளகாயும் அதே கப்பல்தான். பிந்தி இறங்கினது அதின்ட பிழையே?"

லோமான் கலாநிதிப் பட்டம் பெற்றவர். கொஞ்சம் யோசித்தார். போத்தலைத் திருப்பிக் கொடுத்து, துணியால் மூடி வைக்கச் சொன்னார்.

பிறகு சீட்டுப் போட்டு, ஆளாளுக்கு நடிக்க வேண்டிய பாத்திரங்களைப் பிரித்தார்கள். மகேந்திரராஜாவுக்கு வந்தது சிறுகுடியானவன்: ஒரு குடிசை, ஒரு ஆடு, கொஞ்ச நிலம். பக்கத்து வளவு முழுப்பங்கு நிலமுள்ள பெரிய விவசாயியுடையது. அது ஹெர் வீபுஷுக்கு விழுந்தது. காசெல் நகரத்து வரி ஆலோசகர், நெட்டையான, ஒழுங்கான மனிதர், தனியாக வந்தவர். 1793 இல் பெரிய விவசாயி சிறியவனை முகத்துக்கு முன்னாலேயே 'அவன்' என்றுதான் சொல்வானாம். வீபுஷ் அதற்காக முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டார்.

"அவனுக்குத் தூக்கம் வந்ததா?" என்று அடுத்த நாள் காலை மகேந்திரராஜாவைப் பார்த்துக் கேட்டார், சங்கடத்தோடு.

"எனக்கு இது பழக்கம்" என்றார் மகேந்திரராஜா. "எண்பத்தைந்தில் வெளிநாட்டார் அலுவலகத்தில் இப்படித்தான். அவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை."

பகல் பார்வையாளர்கள் வேறு நுழைவுச்சீட்டோடு வந்து போனார்கள். அவர்களில் ஒரு பெண்மணி, 1793 இல் இந்த ஊரில் இந்த நிறத்தில் ஆள் இருந்திருப்பாரா என்று லோமானைக் கேட்டார். லோமான் ஏற்கனவே ஆராய்ந்து வைத்திருந்தார். டேனிஷ் கப்பல்கள் தரங்கம்பாடிக்குப் போய்வந்த காலம். பாதிரிமாருடன் ஒரு தமிழர் வந்திருக்க முழுச் சாத்தியம் உண்டு. இவர் அப்படி வந்தவர்.

"நான் தரங்கம்பாடி இல்லை. கட்டுவன்" என்றார் மகேந்திரராஜா. பெண்மணி குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வேலை, வேலி திருத்துவது. இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த வேலி பிய்ந்து கிடந்தது. தடிகளை வரிசையாக ஊன்றி, இடையில் மெல்லிய கொப்புகளைப் பின்ன வேண்டும். தடி, ஆற்றங்கரையில் நிற்கும் வைடெ என்ற மரத்துத் தடி. வெட்டி ஊன்றினால் பூவரசு போல வேர்விட்டுத் துளிர்க்கும். அந்த வேலி சிறுகுடியானவனின் பொறுப்பு என்று லோமானின் தாளில் இருந்தது.

"கதியால்!" என்றார் மகேந்திரராஜா. நாரி நோவை மறந்து மரச்சுத்தியலைத் தூக்கினார்.

அவர் அடைத்த வேலி ஒன்றும் அழகாக இல்லை. பின்னல் இடையிடையே வாய் பிளந்தது. லோமான் வந்து பார்த்து, பின்னும் முறை இந்தப் பிரதேசத்துக்கு உரியதல்ல என்றார். செவ்வாய் காலை ஆடு ஒரு பாகத்தின் பட்டையைத் தின்றிருந்தது. ஆனாலும் அவர் வேலியோரம் போய்ப் போய் நின்று பார்த்தார். கமலநாயகி பெரிய மண்சட்டியில் பார்லிக் கஞ்சியும் வரலாற்றில் இடமில்லாத குழம்பும் காய்ச்சிக்கொண்டே அவரைக் கவனித்தாள்.

"இஞ்சேருங்கோ, கிழமை முடிய விட்டுட்டுப் போற வேலி. உதைப் பார்த்து என்னத்துக்குப் பூரிக்கிறியள்?"

"வேலி எண்டா வேலிதான்."

புதன்கிழமை வீபுஷின் தள்ளுவண்டி சிக்கியது. வேலிக்கும் பன்றிக்கொட்டிலுக்கும் நடுவில் ஞாயிறு வரை தாராளமாகப் போய்வந்த வண்டி. இப்போது சில்லு தடியில் இடித்தது. வீபுஷ் குனிந்து பார்த்தார், திரும்பிப் பார்த்தார், பிறகு முகம் மலர்ந்து லோமானிடம் ஓடினார்.

"அருமையான ஏற்பாடு! எல்லைத் தகராறு! அந்தக் காலத்தில் இதுதானே முக்கிய பிரச்சினை! நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?"

"நாங்கள் அப்படி ஒன்றும் ஏற்பாடு செய்யவில்லையே" என்றார் லோமான்.

வீபுஷ் திரும்பி வந்தபோது பாத்திரத்தில் இல்லை. "நீங்கள் என் நிலத்துக்குள் வந்துவிட்டீர்கள்" என்றார். முதன்முறையாக 'நீங்கள்' என்றார். கோபம் வந்ததும் 2006 வந்துவிட்டது.

"நான் ஒரு விரலும் நகர்த்தவில்லை."

"வண்டி போகவில்லை."

"உங்கள் வண்டி வீங்கியிருக்கும்."

இரண்டு பேருக்கும் அங்கே ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை. ஞாயிறு இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதைத் தர்மிகா சொல்லிப் பார்த்தாள்.

"பிள்ளை, நான் இன்னொருத்தன்ட நிலத்தை எடுக்கிற ஆளோ?" என்றார் தகப்பன். வேலித் தடியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, இது விளையாட்டல்ல என்று. இருபத்தைந்து வருடமாக அவர் வைத்திருந்த ஒரே சொத்து, தான் அப்படிப்பட்ட ஆள் அல்ல என்பதுதான். மற்றதெல்லாம் வலயத்துக்குள் போய்விட்டது.

வியாழக்கிழமைகளில் பெரிய லின்டன் மரத்தடியில் ஊர் நீதிமன்றம் நடக்கும். பார்வையாளருக்கான நாடகம் அது. வழமையாக ஒரு வாத்துத் திருட்டு விசாரிக்கப்படும். அந்த வாரம் லோமானுக்கு உண்மையான வழக்கு கிடைத்தது. கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு அமர்ந்தார். சுற்றிவரக் கமராக்கள்.

"எல்லை எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"இரண்டு நுனியிலும் எல்லைக் கல் இருக்கிறது" என்றார் மகேந்திரராஜா. "என் மகள் நில அளவை படித்தவள். அந்தக் கற்களைப் போன வருடம் அளந்ததும் அவள்தான். அவள் அளக்கட்டும்." இதைச் சொல்லும்போது மார்பு நிமிர்ந்திருந்தது. மல்லாகத்தில் அவருக்கு இப்படி ஒரு சாட்சி கிடைத்ததில்லை.

தர்மிகா கல்லிலிருந்து கல்லுக்குக் கயிறு கட்டி இழுத்தாள். அவளுடைய கருவிகள் 2006 இல் இருந்தன. கயிறு போதும். இரண்டு நுனியிலும் வேலி கயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்றது. நடுவுக்கு வரவர விலகியது. பன்றிக்கொட்டிலுக்கு நேரே ஒரு சாண், வீபுஷின் பக்கம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தகப்பன் சிரித்துக்கொண்டு நின்றார், பரீட்சை முடிவு கேட்பவர் போல.

"ஒரு சாண்" என்றாள். "அவரின்ட பக்கம் போயிருக்கு, அப்பா."

பிறகு ஜேர்மனில் சொன்னாள். பார்வையாளர்கள் கைதட்டினார்கள். அன்றைய நாடகம் நன்றாக இருந்ததாகப் பலர் லோமானிடம் சொன்னார்கள்.

"கயிறு இழுபட்டிருக்கு" என்றார் மகேந்திரராஜா. "விடு, நான் பிடிக்கிறன்." பிடித்தார். ஒரு சாண். தன் கையாலேயே விரித்து அளந்தார். கட்டைவிரலிலிருந்து சின்னவிரல் வரை, சரியாக.

தீர்ப்பு: வேலியைப் பிடுங்கி நேராக அடைக்க வேண்டும், மகேந்திரராஜாவில் நம்பிக்கை போய்விட்டதால் அடைப்பது வீபுஷ், தடி சுமப்பது மகேந்திரராஜா.

அன்று அவர் குழம்பைத் தொடவில்லை.

"நான் ஊன்றினது குழிக்குப் பக்கத்திலதான்" என்றார், யாரிடம் என்றில்லாமல். "பழைய குழி இளகிப்போய்க் கிடந்தது. அதுக்கு அங்கால ஊன்றினன்."

"ஏன் அங்கால?" என்றாள் தர்மிகா. "இஞ்சால ஊன்றியிருக்கலாமே?"

"இஞ்சால நான் நிக்கிறனே."

சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். ஆனால் அப்போது அது என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை வீபுஷ் வேலி அடைத்தார். வரி ஆலோசகர் முறைப்படி செய்தார். ஒவ்வொரு தடியையும் கண்ணை ஒடுக்கிப் பார்த்து ஊன்றினார். வேலை முடிந்ததும் மகேந்திரராஜா மகளிடம் கயிற்றை நீட்டினார்.

"அள."

"வேண்டாம் அப்பா, விடுங்கோ."

"நீ அள."

அளந்தாள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த முறை மகேந்திரராஜாவின் பக்கம்.

வீபுஷ் கயிற்றைப் பார்த்தார். "சாத்தியமே இல்லை" என்றார். "நான் முப்பது வருடம் வரி ஆலோசகர்!" அந்த நேரத்தில் அது ஒரு ஆதாரமாகத்தான் அவருக்குப் பட்டது. காது சிவந்துவிட்டது.

மகேந்திரராஜா வெற்றிச் சிரிப்புச் சிரிப்பார் என்று தர்மிகா எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. வீபுஷின் கையில் ஒரு தடியைக் கொடுத்து, "இன்னொன்று ஊன்றுங்கள்" என்றார். வீபுஷ் தன் பக்கம் நின்று சுத்தியலால் அடித்தார். அடிக்க அடிக்கத் தடி மெதுவாக மகேந்திரராஜாவின் பக்கம் சரிந்தது. பிறகு மகேந்திரராஜா தன் பக்கம் நின்று ஒன்றை ஊன்றினார். அது வீபுஷின் பக்கம் சரிந்தது. நிற்கிறவன் தன் நிலத்தில்தான் நிற்கிறான். கை தன்னிலிருந்து அப்பால்தான் தள்ளும். இளகிய குழிக்கு அப்பால்தான் அடுத்த குழி. பழகிய கைக்கு ஒருமுறைக்கு ஒரு விரல்தான் போகும். வருடா வருடம் அடைத்தால் ஒரு சாண் வர அதிக காலம் தேவையில்லை. தர்மிகாவின் தொழிலில் இதற்குப் பெயர் உண்டு. ஒரே பக்கமாகச் சேரும் பிழை. யாரும் பொய் சொல்லாமலே வருவது.

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். ஆட்டுக்கொட்டிலின் படியில் உட்கார்ந்தார்.

"அப்ப அண்ணை கள்ளனில்லை" என்றார்.

கமலநாயகியின் அகப்பை சட்டிக்குள் நின்றது. அஞ்சல் குறியீடு இல்லாமல் அவர் அந்த மனிதரைச் சொன்னதை அவள் கேட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

"கட்டுவன்ல மற்றப் பக்கத்து வேலி நீங்கள்தானே அடைச்சனீங்கள்" என்றாள் மெதுவாக. "அந்தப் பக்கம் இருந்த மனிசி ஒண்டும் சொல்லேல்லையே."

"அவவுக்கு அளக்கத் தெரியாது."

"தெரிஞ்சிருக்கும். உங்களைப்போல ஒழுங்கையில நிண்டு கத்தத்தான் தெரியாது."

வீபுஷுக்குத் தமிழ் விளங்காது. ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்பது மட்டும் விளங்கியது. அவர் வந்து படியில் பக்கத்தில் உட்கார்ந்தார். கமலநாயகி இரண்டு பேருக்கும் குழம்பு ஊற்றினாள். வீபுஷுக்குத் தொடர் இருமல் வந்தது. "1793 இல் இது இல்லை, இல்லையா?" என்றார் கண்ணீரோடு. "பிந்தி இறங்கினது" என்றாள் கமலநாயகி.

சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து அடைத்தார்கள். ஒருவர் இந்தப் பக்கம் நின்று பிடிக்க, மற்றவர் அந்தப் பக்கம் நின்று அடித்தார். தடிக்குத் தடி ஆள் மாற்றினார்கள். தர்மிகா கயிறு பிடித்தாள். வேலி நேராக வந்தது.

ஞாயிறு புறப்படும்போது லோமான் கைகொடுத்தார். மகேந்திரராஜா வேலியைக் காட்டி, "ஆடு தின்னாமல் பாருங்கள்" என்றார்.

"அது பின்னேரமே போய்விடும்" என்றார் லோமான். "வேலி திருத்துவது திங்கட்கிழமைப் பயிற்சி அல்லவா? ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் ஆட்கள் பிடுங்கிக் குலைத்து வைப்பார்கள். இல்லாவிட்டால் அடுத்த குழுவுக்கு வேலை இருக்காது."

மகேந்திரராஜா வேலி நீளத்துக்கு ஒருமுறை நடந்து வந்தார். பிறகு ஒரு தடி கேட்டார். லோமான் கொடுத்தார். வீபுஷ் தன் முகவரி அட்டையைக் கொடுத்து, வரிப் பத்திரம் நிரப்ப எந்த நேரமும் கூப்பிடலாம் என்றார், 'நீங்கள்' போட்டு.

காரில் தடியை மடியில் வைத்துக்கொண்டார். "ஊன்ட்றொப்பில அண்ணை தோட்டம் செய்யிறாராம். வாடகைத் துண்டு. வேலிக்கு உதவும்" என்றார். அப்படிப்பட்ட தோட்டங்களின் சங்க விதிகளில் வைடெ மரம் நடக் கூடாது என்று இருக்கும். தர்மிகாவுக்கு அது தெரியும். சொல்லவில்லை.

"ஃபோன் எடுத்துச் சொல்லலாமே" என்றாள்.

"ஃபோனில சொல்லுற விசயமே? என்னெண்டு சொல்லுறது? 'ஹலோ, நீ கள்ளனில்லை' எண்டோ?"

அதோடு அண்ணனின் தொலைபேசி இலக்கம் அவருக்குத் தெரியாது. அஞ்சல் குறியீடு மட்டும்தான் தெரியும்.

நேரில்தான் போக வேண்டும். ஆனால் நேரில் போக நேரம் வரவில்லை. தேர் முடிந்துவிட்டிருந்தது, அடுத்த தேர்வரை காத்திருக்க அவருக்கு மனமில்லை, தேர் இல்லாமல் திடீரென்று போய் நிற்கவும் கால் வரவில்லை. ஆவணியில் ஊரில் சண்டை மறுபடி மூண்டு யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டினார்கள். இந்த நேரத்தில் காணிக் கதை எடுப்பதா என்றார். புரட்டாதியில் சனிக்கிழமை சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கிற நாள் என்றார். பிறகு நாரி. பிறகு, குளிர்கால டயர் பற்றி அந்த வருடம் புதிதாகச் சட்டம் வந்திருப்பதாகப் பத்திரிகையில் வாசித்துவிட்டு, "ரயர் மாத்தாமல் அவ்வளவு தூரம் போகேலாது" என்றார். வெளியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தர்மிகா சிரித்தாள். கமலநாயகி கோயில்காரரிடம் கேட்டு அண்ணனின் வீட்டு முகவரியை வாங்கி வைத்தாள். தடி வாளியில் வேர் விட்டது. அதற்கு மட்டும் சாட்டு இருக்கவில்லை.

டயர் மாற்றியது சனி. அடுத்த புதன்கிழமை, பேருந்துத் தரிப்பிடத்தில், மருந்துக்கடைப் பை கையில் இருக்க, மகேந்திரராஜா இறந்தார். இதயம். பக்கத்தில் நின்றவர் அவசர ஊர்திக்கு அழைத்திருக்கிறார். ஊர்தி கெதியாகத்தான் வந்தது.

தகனசாலையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு 'தெர்மின்', குறித்த நேரம், கொடுப்பார்கள். அரை மணித்தியாலம். தேவாரம், கிரியை, கண்ணீர், எல்லாவற்றையும் அதற்குள் அடுக்க வேண்டும். ஹம்மிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வந்தார்கள். கடைசியாக இறங்கியவர் யோகேந்திரராஜா. மகேந்திரராஜாவின் அதே காது, அதே நெற்றி, அதே மாதிரி நாரியில் கை வைத்த நடை. பெட்டிக்கு வலப்பக்கம் போய் நின்றார். தேரில் நிற்கிற பக்கம்.

முடிய, அவர் தர்மிகாவிடம் வந்தார்.

"பிள்ளை, நீ தர்மியல்லோ?"

"ஓம் பெரியப்பா."

"வளந்திட்டாய்." அவர் சால்வையை ஒருமுறை சரிசெய்தார். பிறகு இன்னொருமுறை. "தம்பி... கடைசி நேரத்தில என்னைப் பற்றி ஏதும் கதைச்சவனோ?"

அவள் வாயைத் திறந்தாள். எங்கிருந்து தொடங்குவது? 1793 இலிருந்தா? கயிற்றிலிருந்தா? ஆட்டுக்கொட்டிலின் படியிலிருந்தா? அந்த நேரம் சாம்பல்நிற உடுப்புப் போட்ட உத்தியோகத்தர் வந்து, மிக மரியாதையாக, அடுத்த குடும்பம் வெளியே காத்திருப்பதாகச் சொன்னார். கதவுக்கு அப்பால் கறுப்புக் குடைகள் தெரிந்தன.

"கதைச்சவர் பெரியப்பா" என்றாள். "நிறைய. பிறகு வந்து சொல்லுறன்."

"ஓம், ஓம்" என்றார் அவர் உடனே. "பிறகு. அவசரமில்லை." அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் வாய்க்கு வசதியான சொல் அது. வானில் ஏறிக் கண்ணாடிப் பக்கம் இருந்தார்.

அது கார்த்திகை. இப்போது மாசி முடியப் போகிறது. தர்மிகா வேலைக்கு டிராமில் போகிறாள். காரைக் கொஞ்சத் தூரம்தான் எடுத்திருக்கிறாள்: தகனசாலைக்கு, கடைக்கு, அம்மாவை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டுபோக. ஐம்பது கிலோமீற்றர் இன்னும் ஆகவில்லை. நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டிய தூரம் வரவில்லை. அந்த வருடம் பனியும் சரியாகக் கொட்டவில்லை.

வாளி நிலவறையில் இருக்கிறது. வெளிச்சம் அதிகம் கிடையாது, தண்ணீரைக் கமலநாயகி மாற்றுகிறாள். தடி வெளிறிய ஒரு துளிர் விட்டிருக்கிறது, நேராக அல்ல, எதிர்ச் சுவரில் இருக்கும் சிறு சன்னலைப் பார்த்துச் சரிந்து. முகவரி எழுதிய துண்டு குசினிக் குளிர்ப்பெட்டியில் காந்தத்தில் ஒட்டியிருக்கிறது.

"எப்ப போறாய், பிள்ளை?" என்று சனிக்கிழமைகளில் கமலநாயகி கேட்கிறாள்.

"வாற சனி, அம்மா."

ஸ்பனர் பின்பெட்டியில் சாரத் துண்டில் சுற்றியபடி கிடக்கிறது, ஹம்முக்குப் போகிற வழியில் கைக்கு எட்டட்டும் என்று அவர் வைத்த இடத்திலேயே.